வீட்டு விலை இறங்கினால் வரி இறங்காதா?

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்" என்பது பழமொழி.

இப்போது மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். "வரியைக் கட்டிப் பார்!"

வீடு கட்டும் கஷ்டம் ஒரு தடவைதான். கலியாணக் கஷ்டமும் ஒரு தடவைதான். வீட்டு வரி அப்படி அல்ல. அது ஆண்டுக்கு இரண்டு தடவை வந்து கதவைத் தட்டும். ஏப்ரலில் ஒரு தடவை. அக்டோபரில் ஒரு தடவை.

வரி கட்டுவது தப்பா? தப்பே இல்லை. தெரு விளக்கு எரிய வேண்டும். சாக்கடை ஓட வேண்டும். குப்பை போக வேண்டும். குழாயில் தண்ணீர் வர வேண்டும். இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். ஊரார் கொடுக்காமல் யார் கொடுப்பார்கள்?

பிறகு ஏன் இந்த முணுமுணுப்பு?

வீட்டின் விலை ஏறினால் வரியும் ஏறுகிறது. அதை நியாயம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டின் விலை இறங்கினால்? வரி இறங்குவது இல்லை. சில சமயம், விலை இறங்கும் நேரம் பார்த்து வரி ஏறுகிறது!

இதுதான் வயிற்றெரிச்சல். இந்த வயிற்றெரிச்சலில் நியாயம் இருக்கிறதா? பார்ப்போம்.

கச்சேரிமேட்டில் கேட்ட பேச்சு

அரூர் கச்சேரிமேட்டில் ஒரு டீக்கடை. காலை நேரம். சேலம் பஸ் ஒன்று போனது. திருப்பத்தூர் பஸ் ஒன்று வந்தது. பெஞ்சியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கையில் மடித்த காகிதம். வரி ரசீது.

"என்னங்க ஐயா, காலையிலேயே கணக்கா?" என்று கேட்டேன்.

"கணக்குதான் தம்பி. ஆனா இந்தக் கணக்கு எனக்குப் புரியலை. நாப்பது வருஷம் மண்டியிலே தராசு பிடிச்சவன் நான். எனக்கே புரியலைன்னா பாத்துக்க" என்றார்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவருடைய வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று எழுதவில்லை. எந்த ஊர்ப் பெயரைப் போட்டாலும் இந்தக் கதை பொருந்தும்.

அப்பா காலத்து ஓட்டு வீடு. முன்னால் திண்ணை. உள்ளே பெரிய கூடம். பின்னால் தாழ்வாரம். அளந்தால் 2,000 சதுர அடி வரும். ஒரு காலத்தில் அந்த வீட்டில் பதினான்கு பேர் இருந்தார்கள். இப்போது இரண்டு பேர். அவரும் அவர் மனைவியும்.

ஒரு மகன் பெங்களூரில் வேலை செய்கிறான். இன்னொருவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இரண்டு பேரும் திரும்பி வருவதாக இல்லை.

தெருவும் மாறிவிட்டது. கடைகள் எல்லாம் பெரிய ரோட்டுப் பக்கம் போய்விட்டன. அவர் தெருவில் கார் நுழையாது. கூரை மரம் செல்லரித்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் வந்து, "30 லட்சம் தருகிறேன், கொடுக்கிறீர்களா?" என்று கேட்டாராம். இவர் மறுத்துவிட்டார். போன வருஷம் மனைவிக்கு ஆபரேஷன். பணம் வேண்டியிருந்தது. இவரே போய் அவரைக் கேட்டார். "22 லட்சம் என்றால் பார்க்கலாம்" என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

"விலை எட்டு லட்சம் எறங்கிப் போச்சு தம்பி. ஆனா வரி? அரை வருஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு கட்டினேன். இப்போ மூவாயிரம்! மஞ்சள் விலை ஏறினா குவிண்டாலுக்கு ஏத்திக் கொடுப்பாங்க. எறங்கினா எறக்கிக் கொடுப்பாங்க. தராசுன்னா ரெண்டு பக்கமும் ஆடணும். இது என்ன ஒரு பக்கமே சாயுற தராசு?"

அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. வீட்டுக்கு வந்து பழைய உத்தரவுகளைப் பார்த்தேன். பார்த்த பிறகு அவர் கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது.

ஒரு வீட்டுக்கு மூன்று விலை

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு விலை அல்ல. மூன்று விலை உண்டு.

முதல் விலை, சந்தை விலை. வாங்குகிறவர் எண்ணிக் கொடுக்கும் பணம். இது ஏறும், இறங்கும்.

இரண்டாவது விலை, வழிகாட்டி மதிப்பு. பத்திரப் பதிவு அலுவலகத்தில் தெருத்தெருவாகப் பட்டியல் இருக்கும். இந்தத் தெருவில் சதுர அடி இவ்வளவு என்று எழுதியிருப்பார்கள். அதை வைத்து முத்திரைத் தீர்வை வாங்குவார்கள்.

மூன்றாவது விலை, வரிப் புத்தகத்தில் இருக்கும் ஆண்டு மதிப்பு. இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு என்ன கிடைக்கும் என்று உள்ளாட்சி அலுவலகம் போடும் கணக்கு. வீடு எந்தப் பகுதியில் இருக்கிறது, என்ன கட்டடம், எதற்குப் பயன்படுகிறது, எத்தனை வயது என்பதை எல்லாம் பார்த்துப் போடுவார்கள். நம் வீட்டு வரி இந்த மூன்றாவது விலையின் மேல்தான் விழுகிறது.

ஆகவே, "என் வீட்டை 22 லட்சத்துக்குத்தான் கேட்கிறார்கள், வரியைக் குறையுங்கள்" என்று சொன்னால், அலுவலகத்தில் இருப்பவர், "அந்த விலைக்கும் இந்த வரிக்கும் சம்பந்தம் இல்லை" என்பார். சட்டப்படி அவர் சொல்வது சரி.

ஆனால் ஒரு கேள்வி. சந்தையில் யாரும் கேட்காத வீட்டை, யார் நல்ல வாடகைக்கு எடுப்பார்கள்? விலை விழுந்த தெருவில் வாடகை மட்டும் எப்படி நிற்கும்? மூன்று விலையும் ஒரே வீட்டின் விலைதானே! ஒன்று விழுந்தால் மற்றது கொஞ்சமாவது அசைய வேண்டாமா?

2017-ஆம் ஆண்டு நடந்த வேடிக்கை

விலை இறங்குகிறது என்பதை அரசாங்கம் ஒப்புக்கொள்வதே இல்லையா? ஒப்புக்கொண்டது. ஒரு தடவை பெரிதாகவே ஒப்புக்கொண்டது.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தடை போட்டது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்றது. விளைநிலங்கள் மனைகளாக மாறுவதைத் தடுப்பது நல்ல நோக்கம்தான். ஆனால் மனை விற்பனை அப்படியே நின்றுபோனது.

அதே ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி இரவு, 500 ரூபாய் நோட்டும் 1,000 ரூபாய் நோட்டும் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. இருந்த கொஞ்சநஞ்ச வியாபாரமும் படுத்தது.

வாங்க ஆள் இல்லை. பல இடங்களில் சந்தை விலை வழிகாட்டி மதிப்பைவிடக் கீழே போய்விட்டது. 15 லட்சத்துக்கு விற்ற வீட்டுக்கு 20 லட்சத்துக்குத் தீர்வை கட்டும் நிலைமை! ஜனங்கள் முறையிட்டார்கள்.

2017 ஜூன் மாதம் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. அதாவது, மூன்றில் ஒரு பங்கைத் தள்ளியது. (அதே கையோடு பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்தில் இருந்து 4 சதவீதமாக ஏற்றியது. அது வேறு கதை.)

சரி. வீட்டின் மதிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று அரசாங்கமே எழுதிவிட்டது. அப்படியானால் வீட்டு வரி என்ன ஆனது?

குறையவில்லை. அடுத்த ஆண்டு, 2018 ஜூலையில், வீட்டு வரியை ஏற்ற உத்தரவு வந்தது! குடியிருக்கும் வீடுகளுக்கு 50 சதவீதம் வரை. மற்றக் கட்டடங்களுக்கு 100 சதவீதம் வரை.

ஒரு கை, "உன் வீட்டு மதிப்பு குறைந்துவிட்டது" என்று எழுதுகிறது. மறு கை, "உன் வீட்டு வரி கூடிவிட்டது" என்று எழுதுகிறது. இரண்டு கையும் ஒரே அரசாங்கத்தின் கை!

ஜனங்களின் கூச்சல் பெரிதாக இருந்தது. 2019 நவம்பரில் அந்த உயர்வை நிறுத்தி வைத்தார்கள். கூடுதலாகக் கட்டியவர்களுக்குப் பின்னால் வரும் வரியில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

பிறகு 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பு மறுபடியும் 2017-க்கு முந்திய அளவுக்கு ஏறியது. ஏறட்டும். நான் சொல்ல வருவது இதுதான். பத்திர ஆபீஸ் பட்டியலுக்கு ஏறவும் தெரிகிறது, இறங்கவும் தெரிகிறது. வரிப் புத்தகத்துக்கு ஏற மட்டும்தான் தெரிகிறது.

பெரிய வீடு என்றால் பணக்கார வீடா?

பெரியவரின் வரி எப்படி இரண்டு மடங்கு ஆனது? அதற்குக் காரணம் 2022-ஆம் ஆண்டு உத்தரவு.

2022 ஏப்ரல் தொடக்கத்தில் அறிவிப்பு வந்தது. சென்னையின் பழைய பகுதிக்கு உயர்வு இன்னும் அதிகம். மற்ற நகரங்களுக்கும் பேரூராட்சிகளுக்கும் குடியிருக்கும் வீடுகளுக்கு இப்படிப் போட்டார்கள்:

600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீதம் உயர்வு.

601 முதல் 1,200 வரை 50 சதவீதம்.

1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம்.

1,800-க்கு மேல் போனால் 100 சதவீதம்.

சின்ன வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்கு அதிகம். ஏழைக்கு இரக்கம் காட்டும் நோக்கம். பட்டணத்துக்கு இது பெரும்பாலும் பொருந்தும். பட்டணத்தில் 2,000 சதுர அடி வீட்டில் இருப்பவர் வசதியானவர்தான்.

ஆனால் நம் பக்கத்து ஊர்களை நினைத்துப் பாருங்கள். இங்கே பெரிய வீடு என்பது பெரும்பாலும் பழைய வீடு. கூட்டுக் குடும்பத்துக்காகக் கட்டிய வீடு. களிமண்ணும் சுண்ணாம்பும் ஓடும் சேர்ந்த வீடு. அதில் இன்று ஒரு பாட்டி தனியாக விளக்கேற்றிக்கொண்டிருப்பாள்.

அந்தப் பாட்டியின் 2,000 சதுர அடி வீட்டுக்கு 100 சதவீதம் உயர்வு. அடுத்த தெருவில், பளிங்குத் தரை போட்டுக் குளிர்சாதனம் வைத்த 1,150 சதுர அடி புது வீட்டுக்கு 50 சதவீதம் உயர்வு!

அளவு நாடா நீளத்தையும் அகலத்தையும் அளக்கும். நிலைமையை அளக்குமா?

ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

இதற்கு டில்லியிலும் ஒரு காரணம் இருக்கிறது.

ஊர்களுக்கு மத்திய அரசு மானியம் கொடுக்கிறது. யாருக்கு எவ்வளவு என்று நிதிக் குழு சொல்லும். 15-ஆவது நிதிக் குழு ஒரு நிபந்தனை போட்டது. நகரங்கள் மானியம் பெற வேண்டுமா? சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவிக்க வேண்டும். மாநிலத்தின் மொத்த உற்பத்தி வளரும் வேகத்துக்கு ஏற்ப, வரி வசூலும் வளர வேண்டும் என்றது. 2022-ஆம் ஆண்டு உயர்வுக்கு அரசு சொன்ன காரணங்களில் இது முக்கியமானது.

2024 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டது. அதுவும் இந்த வழியில் வந்ததுதான்.

இதன் பொருளைச் சாதாரணத் தமிழில் சொல்கிறேன். ஒரகடத்தில் கார் தொழிற்சாலை நன்றாக ஓடினால் மாநிலத்தின் உற்பத்தி ஏறும். மாநிலத்தின் உற்பத்தி ஏறினால் வரி ஏறும். அந்த ஆண்டு நம் வாணியாற்றில் தண்ணீர் வராமல் கரும்பு காய்ந்திருக்கலாம். மரவள்ளிக் கிழங்கு விலை போகாமல் இருந்திருக்கலாம். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கலாம். ஆனாலும் வரி ஏறும்.

மாநிலம் முழுவதற்கும் ஒரே ஏணி. அந்த ஏணியில் மேலே போகும் படி மட்டும் இருக்கிறது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்

ஒரு பக்கம் மட்டும் பேசினால் நானும் சாய்ந்த தராசு ஆகிவிடுவேன். ஆகவே மறுபக்கம்.

சென்னையில் 1998-க்குப் பிறகு பொதுச் சீராய்வு இல்லை. மற்ற நகரங்களில் 2008-க்குப் பிறகு இல்லை. 2022 வரை 14 ஆண்டுகள் பழைய வரி. அந்த 14 ஆண்டுகளில் எத்தனை வீடுகளின் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறியது! அப்போது, "என் வீட்டு விலை ஏறிவிட்டது. வரியை ஏற்றிக்கொள்ளுங்கள்" என்று யாராவது போய்ச் சொன்னோமா? வாயைத் திறக்கவில்லை.

அதே 14 ஆண்டுகளில் துப்புரவுத் தொழிலாளியின் சம்பளம் ஏறாமல் இருக்க முடியுமா? தெரு விளக்கின் கரண்ட் கட்டணம் ஏறாமல் இருக்குமா? டீசல் விலை?

இன்னொன்று. வீட்டின் விலை இறங்கினால் தெருக் குப்பையும் இறங்குமா? ஊர்ச் செலவு குறையாது. என் வரி குறைந்தால் அந்தக் குறையை இன்னொருவர் ஏற்க வேண்டும்.

வீட்டு வரியோடு சேர்ந்து நூலக வரியும் வசூலாகிறது. 1948-ஆம் ஆண்டு வந்த பொது நூலகச் சட்டம் அதற்கு வழி செய்தது. அந்தப் பணத்தில்தான் ஊர் நூலகத்தில் புத்தகம் வருகிறது. நம் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறார்கள். வரியே வேண்டாம் என்றால் நூலகமும் வேண்டாம் என்று சொன்னதாக ஆகும்.

ஆகவே பெரியவரின் கோபம் வரியின் மேல் அல்ல. அவர் ஒரு நாளும் பாக்கி வைத்தது இல்லை. அவர் கேட்பது ஒன்றே ஒன்று. ஏற்ற ஒரு வழி இருக்கிறதே, இறக்க ஒரு வழி வேண்டாமா?

மற்ற நாடுகளில் எப்படி?

இது நமக்கு மட்டும் வந்த தலைவலி அல்ல.

அமெரிக்காவில் கலிபோர்னியா என்று ஒரு மாநிலம். 1970-களில் அங்கே வீட்டு விலை கிடுகிடு என்று ஏறியது. வரியும் கூடவே ஏறியது. வயதானவர்கள் வரி கட்ட முடியாமல் தவித்தார்கள். 1978 ஜூன் மாதம் ஜனங்களே ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வரி, வீட்டு மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீடு கை மாறும் வரை, புத்தக மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. இவைதான் அதன் முக்கிய விதிகள்.

அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு ஓட்டு. வீட்டின் சந்தை விலை, புத்தக மதிப்பைவிடக் கீழே போனால், புத்தக மதிப்பையும் இறக்க வேண்டும். விலை மறுபடியும் ஏறினால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். 2008-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வீட்டு விலை சரிந்தது. அப்போது கலிபோர்னியாவில் ஏராளமான வீடுகளுக்கு இந்த விதிப்படி மதிப்பைக் குறைத்தார்கள்.

எல்லாம் நல்லது என்று சொல்ல முடியாது. அங்கே பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே மாதிரி வீடு. பழைய ஆள் கொஞ்சம் கட்டுவார். புதிதாக வாங்கியவர் பல மடங்கு கட்டுவார். அது ஒரு குறை.

இங்கிலாந்தில் வேறு கூத்து. அங்கே இன்றும் 1991 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை வைத்துத்தான் வீட்டு வரி. மறு மதிப்பீடு செய்தால் ஓட்டுப் போய்விடும் என்ற பயம்!

ஹாங்காங்கில் வாடகை மதிப்பை ஆண்டுதோறும் திருத்துகிறார்கள். வாடகை ஏறினால் மதிப்பு ஏறும். வாடகை இறங்கினால் மதிப்பும் இறங்கும். பெரியவர் கேட்ட தராசு அங்கே ஆடுகிறது.

பெங்களூரில் 2008-ஆம் ஆண்டு ஒரு முறை கொண்டுவந்தார்கள். வீட்டுக்காரரே கணக்குப் போட்டு வரியைக் கட்டலாம். கட்டடத்தின் வயதுக்கு ஏற்பக் கழிவும் உண்டு. கணக்கு கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியும் கணக்கில் கோபம் குறையும்.

இவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் ஊரிலேயே ஒரு நல்ல விதி இருந்தது. 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிச் சட்டம், அரையாண்டில் தொடர்ந்து 30 நாளோ அதற்கு மேலோ வீடு காலியாகக் கிடந்தால், அந்த நாட்களுக்குரிய கட்டட வரியில் பாதி வரை தள்ளுபடி தரச் சொன்னது. பூட்டிய வீட்டுக்கு முழு வரி நியாயம் இல்லை என்பது வெள்ளைக்காரன் காலத்திலேயே தெரிந்திருக்கிறது!

என்ன செய்ய வேண்டும்?

என் மனசில் பட்டதைச் சொல்கிறேன்.

முதலாவது: 14 ஆண்டு தூங்கிவிட்டு ஒரே நாளில் இரண்டு மடங்கு ஏற்றக் கூடாது. தெருவின் வாடகையை ஒழுங்காகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்த வேண்டும். திருத்தம் என்றால் இரண்டு பக்கமும் திருத்தம். விழுந்த தெருவுக்கு இறக்கம். எழுந்த தெருவுக்கு ஏற்றம்.

இரண்டாவது: சதுர அடியை மட்டும் பார்க்கக் கூடாது. கட்டடத்தின் வயதையும் நிலைமையையும் பார்க்க வேண்டும். பழைய ஓட்டு வீடும் புது மாடி வீடும் ஒன்று அல்ல.

மூன்றாவது: சொந்த வீட்டில் குடியிருக்கும் வயதானவர்களுக்குச் சலுகை வேண்டும். அந்த வீட்டில் இருந்து அவர்களுக்கு வாடகை வரவில்லை. வராத வாடகையை வந்ததாக நினைத்துக் கணக்குப் போடுகிறோம். கொஞ்சம் இரக்கம் காட்டினால் ஊர் கெட்டுவிடாது.

நான்காவது: வரிச் சீட்டில் கணக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை சதுர அடி, சதுர அடிக்கு என்ன மதிப்பு, வயதுக்கு என்ன கழிவு, வரி எவ்வளவு. நான்கு வரி போதும். எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் புரிந்துகொள்வார்கள்.

நம் அரூர் நெடுங்காலம் பேரூராட்சியாக இருந்தது. நகராட்சி ஆக்கப்படும் என்று 2024-ஆம் ஆண்டு அறிவிப்பு வந்தது. ஊருக்குப் பெருமைதான். ஊர் வளர வேண்டும்; வருமானமும் வளர வேண்டும். அந்த வருமானம் நியாயமான தராசில் நிறுத்து வாங்கியதாக இருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

அரசாங்கம் செய்வது இருக்கட்டும். நாம் என்ன செய்யலாம்?

கோபத்தில் வரி கட்டாமல் இருக்காதீர்கள். பாக்கி குட்டி போடும். வீட்டை விற்கப் போனாலும், கடன் வாங்கப் போனாலும், முதலில் வரி ரசீதைத்தான் கேட்பார்கள்.

வீட்டை நீங்களே அளந்து பாருங்கள். ஒரு நாடா போதும். வரிப் புத்தகத்தில் இருக்கும் அளவும் உங்கள் அளவும் ஒன்றுதானா? 1,800-க்கும் 1,801-க்கும் ஒரு அடிதான் வித்தியாசம். 2022 உத்தரவில் அந்த ஒரு அடி 75 சதவீதத்தை 100 சதவீதம் ஆக்கியது! இடிந்து போன தாழ்வாரம் இன்னும் கணக்கில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

வரியை மாற்றி அறிவிப்பு வந்தால் அலமாரியில் வைக்காதீர்கள். படியுங்கள். ஆட்சேபணை சொல்ல அதில் நாள் குறித்திருப்பார்கள். அந்த நாளுக்குள் எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்குச் சீல் போட்டு வாங்குங்கள்.

கணக்கு புரியவில்லையா? 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு. "என் வீட்டு வரியை எப்படிக் கணக்கிட்டீர்கள்?" என்று கேட்கலாம். பதில் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

நகரங்களிலும் பேரூராட்சிகளிலும், அரையாண்டின் முதல் மாதத்துக்குள் வரி கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை என்று 2023-ஆம் ஆண்டு விதிகள் வந்தன. அதிகபட்சம் 5,000 ரூபாய். ஏப்ரலிலும் அக்டோபரிலும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். சின்னத் தொகைதான். ஆனால் ஒரு மாதக் காப்பிப் பொடிக்கு ஆகும்.

வார்டு உறுப்பினர் ஓட்டுக் கேட்க வருவார். அப்போது சாக்கடையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். "வரியை இறக்கவும் ஒரு வழி வைப்பீர்களா?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர் சிரிப்பார். ஆயிரம் பேர் கேட்டால் எழுதிக்கொள்வார்.

தராசுக்காரர் சொன்ன கடைசி வார்த்தை

டீ குடித்து முடித்தோம். பெரியவர் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"வீட்டை வித்துடுவீங்களாங்க ஐயா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"இருபத்திரண்டு லட்சமோ, முப்பது லட்சமோ, அது வாங்க வர்றவனுக்கு விலை. எங்க அம்மா செத்த வீடு அது. என் பிள்ளைங்க பொறந்த வீடு. அதுக்கு நான் விலை போட்டுப் பாக்கலை. ஆபரேஷனுக்கு மக நகையை வச்சுச் சமாளிச்சாச்சு. வரியும் கட்டிக்கிட்டேதான் இருப்பேன். ஊரு நடக்கணுமில்லே? ஆனா தம்பி, தராசிலே எடை குறைஞ்சா முள்ளு எறங்கணும். எறங்கலைன்னா ரிப்பேர் முள்ளுலே இருக்குது. சரக்கு மேலே பழி போடக் கூடாது."

அவர் எழுந்து போனார்.

நாற்பது வருஷம் தராசு பிடித்தவர் சொன்ன சொல். வரிப் புத்தகம் எழுதுகிறவர்கள் காதில் விழட்டும்.